இது அதே பாட்டுதானா?

ஸ்ட்ரீமிங் செயலிகள் வந்த பிறகும் ஹார்ட் டிஸ்க்கில் பாட்டுச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடைபாதைக் கடையில் வாங்கிய எம்பி3 சிடி, நண்பரின் பென் டிரைவிலிருந்து மொத்தமாக அள்ளிய ஃபோல்டர், பழைய போனின் மெமரி கார்டு, கேசட்டிலிருந்து மாற்றியவை என்று எல்லாம் ஓரிடத்தில் குவியும்போது ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் கிடக்கும். அதனால் இடம் வீணாவது பெரிய நஷ்டமில்லை. 128 கேபிபிஎஸ்ஸில் பதிந்த ஐந்து நிமிடப் பாட்டு 5 எம்பிகூட வராது. இன்றைய டிஸ்க்குக்கு அது தூசு. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஷஃபிளில் போட்டால் அதே பாட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்றில் விவரத்தைத் திருத்தினால் மற்றதில் பழைய தப்பு அப்படியே நிற்கிறது. இருப்பதில் நல்ல பதிவு எது என்பதும் தெரிவதில்லை.

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ‘இரண்டும் ஒன்றுதானா?’ என்ற கேள்வியை அவை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. அது தெரியாமல் ‘எல்லாவற்றையும் அழி’ பொத்தானைத் தட்டினால், போகக் கூடாத பாட்டும் சேர்ந்து போய்விடும்.

ஆக எளிய வழி, கோப்பைக் கோப்போடு ஒப்பிடுவது. எம்டி5, ஷா-256 போன்ற கணக்கு முறைகள் கோப்பிலுள்ள எல்லா பைட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஒரு நீண்ட எண்ணைத் தருகின்றன. இரண்டு கோப்புக்கும் அந்த எண் ஒன்றாக வந்தால் இரண்டும் ஒன்றே. ஒன்றைத் தயங்காமல் அழிக்கலாம். ஆனால் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க வேறாகிவிடும். பாட்டுக் கோப்பில் பிட் மாறுவதற்கு ஒலி மாற வேண்டியதே இல்லை. பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாம் ‘டேக்’ என்ற பெயரில் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன.

1996இல் எரிக் கெம்ப் வகுத்த முதல் ஐடி3 முறையில் இந்த டேக், எம்பி3 கோப்பின் வாலில் ஒட்டிய 128 பைட். முதல் 3 பைட்டில் ‘இது டேக்’ என்ற அடையாளம். அடுத்துத் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு மிச்சமிருக்கும் ஒன்று. பெயர் 30ஐத் தாண்டினால் கத்தரி விழும். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் ‘க’ எழுதவே 3 பைட் வேண்டும், ‘கி’ எழுத 6. தமிழ்த் தலைப்பு அதற்குள் அடங்குவது கஷ்டம். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு டேக்கைக் கோப்பின் தலைக்குக் கொண்டுபோய், நீளத்தையும் தாராளமாக்கி, அட்டைப்படத்துக்கும் இடம் கொடுத்தது. ஆகவே ஒரு பிரதியில் மட்டும் அட்டைப்படம் சேர்த்தாலே எம்டி5 கணக்குக்கு அது வேறு கோப்பாகிவிடும். ஃப்ளாக் என்ற இன்னொரு வகைப் பாட்டுக் கோப்புகளில் இதற்கு நல்ல வழி செய்திருக்கிறார்கள்: ஒலிக்கு மட்டுமான எம்டி5 எண்ணைக் கோப்பின் முகப்பிலேயே பதிந்து வைக்கிறார்கள். டேக்கை எத்தனை முறை திருத்தினாலும் அது மாறாது.

இரண்டாவது வழி டேக்கைப் படிப்பது. ஐடியூன்ஸின் டூப்ளிகேட் பட்டியல், பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கும். மேற்கத்திய ஆல்பங்களுக்கு இது ஓரளவு ஓடும். தமிழ்ப் பாட்டுக்கு ஓடாது. இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எஸ்.பி.பி. ஒரு கோப்பில் புள்ளியோடும், இன்னொன்றில் புள்ளியில்லாமலும், வேறொன்றில் முழுப்பெயரோடும் இருப்பார். ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தில் ஒருவர் பாடகரைப் போடுவார், இன்னொருவர் இசையமைப்பாளரைப் போடுவார், நடிகர் பெயரைப் போட்டவரும் உண்டு. டவுன்லோட் தளங்கள் தலைப்பின் பின்னாலேயே தங்கள் முகவரியை ஒட்டிவிடும் கூத்தைக் கேட்கவே வேண்டாம்.

டேக்கை நம்பினால் டூப்ளிகேட் தப்பித்துப் போகும் என்பது பாதிக் கதைதான். டூப்ளிகேட் அல்லாதது மாட்டிக்கொள்வது அதைவிட மோசம். ‘நாயகன்’ (1987) படத்தின் ‘தென்பாண்டிச் சீமையிலே’ பாட்டை இளையராஜாவும் பாடியிருக்கிறார், கமல்ஹாசனும் பாடியிருக்கிறார். தலைப்பு ஒன்று, ஆல்பம் ஒன்று, ஆண்டு ஒன்று. ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயர் மட்டும் இருந்தால், டேக்கை மட்டும் படிக்கும் மென்பொருள் இரண்டில் ஒருவரை வெளியே அனுப்பிவிடும். ஆண் குரல், பெண் குரல் என்று தனித்தனியாக வந்த பாட்டுகளுக்கும், சந்தோஷத்துக்கு ஒன்று சோகத்துக்கு ஒன்று என்று வந்தவற்றுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது வழி, எழுத்தையும் பைட்டையும் விட்டுவிட்டு ஒலியையே ஆராய்வது. போனை நீட்டினால் பாட்டின் பெயர் சொல்லும் ஷாஸாம் 2002இல் பிரிட்டனில், 2580 என்ற எண்ணுக்கு போன் செய்து பாட்டைக் கேட்கவைக்கும் சேவையாகத் தொடங்கியது. சொந்தச் சேமிப்பைச் சீர்செய்பவர்களுக்குக் கைகொடுப்பது குரோமாபிரிண்ட். லுகாஷ் லலின்ஸ்கி உருவாக்கிய இலவச நிரல் இது. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருளுக்குள் இருப்பதும் இதுவே.

குரோமாபிரிண்ட் முதலில் ஸ்டீரியோவை ஒற்றைச் சேனலாக்கி, நொடிக்கு 11,025 மாதிரிகளாகக் குறைக்கிறது. சிடியில் இது 44,100. கேட்க இனிமையாக இருக்க வேண்டியதில்லை, அடையாளம் தெரிந்தால் போதும். பிறகு பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த ஸ்வரத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளக்கிறது. ஸ்தாயி வேறுபாடு கணக்கில் வராது. மேல் ஸ்தாயியானாலும் கீழ் ஸ்தாயியானாலும் ஒரே கட்டம்தான். ஆக மொத்தம் 12 கட்டங்கள். நம் சங்கீதத்தின் 12 ஸ்வரஸ்தானங்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்; என்ன, இங்கே ஸட்ஜம் பாடகரின் சுருதிக்கேற்ப நகராது, நிலையான அதிர்வெண்ணில் கட்டிப்போட்டிருக்கும். இந்தக் கட்டங்கள் ஏறி இறங்கும் விதத்தை 32 பிட் எண்களாக மாற்றுகிறது. நொடிக்குச் சுமார் 8 எண். வழக்கமாக முதல் இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்வதால் ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய 950 எண்கள்.

ஒப்பிடுவது, இரண்டு பாட்டின் எண்களை அருகருகே வைத்து எத்தனை பிட் வேறுபடுகின்றன என்று எண்ணுவதுதான். சம்பந்தமில்லாத இரண்டு பாட்டில், பூவா தலையா போட்டதுபோல் ஏறத்தாழப் பாதி பிட் பொருந்தாது. ஒரே பதிவின் 128 கேபிபிஎஸ் பிரதிக்கும் 320 கேபிபிஎஸ் பிரதிக்கும் வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும். கோப்பின் பெயர் வெறும் ‘டிராக் 07’ என்றிருந்தாலும் பரவாயில்லை.

இதற்கும் ஏமாறும் இடங்கள் உண்டு. ‘ரோஜா’ (1992) படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’யைத் தமிழில் பாடிய மின்மினியே இந்தியிலும் பாடினார். இசையும் அதே, குரலும் அதே, சொல் மட்டும் வேறு. குரோமாபிரிண்டுக்குச் சொல் தெரியாது, ஸ்வரம்தான் தெரியும். ஆகவே இப்படிப்பட்ட டப்பிங் ஜோடிகளையும் கரோக்கி டிராக்கையும் அது டூப்ளிகேட் என்று காட்டக்கூடும். கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டில் நேர்மாறான சிக்கல். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையே அதிர்வெண் வித்தியாசம் ஏறக்குறைய 6 சதவீதம்தான். கேசட் பிளேயர் 3 சதவீதம் வேகமாக ஓடியிருந்தால் ஸ்வரங்கள் பாதித் தூரம் நகர்ந்து, கட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். நம் காதுக்கு அதே பாட்டு. மென்பொருளுக்கு வேறு பாட்டு.

கண்டுபிடித்தாயிற்று, எதை வைத்துக்கொள்வது? பிட்ரேட் கூடியதை வைத்துக்கொள் என்பார்கள். அப்படியே நம்ப வேண்டாம். காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதிகளை எறிந்துவிட்டுத்தான் எம்பி3 கோப்பைச் சுருக்குகிறது. 128இல் எறிந்ததை 320ஆக மாற்றி மீட்க முடியாது, கோப்புதான் பெருக்கும். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டால் அதிர்வெண் படம் தெரியும். பெரும்பாலான 128 கோப்புகளில் சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கறுப்புத்தான். 320 என்று சொல்லிக்கொள்ளும் கோப்பிலும் படம் அதே உயரத்தில் வெட்டினாற்போல் நின்றால் அது போலி 320 என்று சந்தேகப்படலாம். ஆனால் 1950, 60களின் பாட்டுகளுக்கு இந்தச் சோதனை சரிவராது. அந்தக் காலப் பதிவுகளிலேயே அந்த உயரத்தில் ஒலி அதிகம் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்3யு பிளேலிஸ்ட் என்பது பாட்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரிகளின் பட்டியல்தான். பாட்டு அதற்குள் இல்லை. அந்த முகவரியில் இருந்த பிரதியை அழித்துவிட்டு, அச்சு அசலான இன்னொன்றை வேறு ஃபோல்டரில் வைத்திருந்தாலும் பிளேலிஸ்ட்டுக்கு அது தெரியாது.

ஆகவே முதலில் மொத்தத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். எம்டி5 ஒத்துப்போனவற்றை மென்பொருளே கழிக்கட்டும். குரோமாபிரிண்ட் காட்டும் ஜோடிகளை ஒரு சரணம் வரையாவது கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வேண்டாதவற்றை உடனே அழிக்காமல் தனி ஃபோல்டரில் போட்டு ஒரு மாதம் விட்டுவையுங்கள். அதற்குள் எந்தப் பிளேலிஸ்ட்டிலும் பாட்டு விட்டுப்போகவில்லை என்றால் தாராளமாக டெலீட் செய்யலாம்.