யோசனை இருக்கிறது, வாங்குவது யார்?

நாமக்கல் பக்கம் 'இன்குபேட்டர்' என்றால் கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதே சொல், புதிதாகத் தொழில் தொடங்குவோரை வளர்த்துவிடும் அமைப்பைக் குறிக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பட்டேவியா என்ற சிறு நகரம். அங்கே மாஸி ஹாரிஸ் நிறுவனத்தின் அறுவடை இயந்திர ஆலை மூடப்பட்டு, பெரிய கட்டடம் காலியாகக் கிடந்தது. (நம் வயல்களில் ஓடும் மாஸி பெர்குசன் டிராக்டரின் பெயரில் உள்ள அதே மாஸிதான்.) 1959-ல் அந்தக் கட்டடத்தை எடுத்து நடத்திய ஜோசப் மன்குசோவுக்கு, முழுக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுக்க ஒரே ஆள் கிடைக்கவில்லை. சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துச் சிறுதொழில் செய்வோருக்கு விட்டார். அலுவலக வசதிகளைப் பொதுவாக அமைத்துக் கொடுத்தார். ஆரம்பத்தில் குடிவந்தவர்களில் ஒரு குஞ்சு பொரிப்பகமும் இருந்தது. அதை வைத்து வேடிக்கையாகச் சொன்ன சொல்தான் இன்று உலகம் முழுக்க வழங்குகிறது.

தமிழில் இதைத் 'தொழில் காப்பகம்' என்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, உங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ ஒரு யோசனை இருக்கலாம்: முருங்கை இலைப் பொடி, வாழைநார், களை எடுக்கும் சிறு கருவி, சிறுதானிய அவல். அப்படிப்பட்டவர்கள் எடுத்ததும் கேட்பது, 'எங்கே போனால் எவ்வளவு பணம் தருவார்கள்?' என்பதைத்தான். அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் காப்பகத்துக்குப் போவதன் பெரிய லாபம் அந்தப் பணம் அல்ல என்பது என் கருத்து.

மத்திய வேளாண் அமைச்சகம் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ் 2018-19 முதல் வேளாண் புத்தொழில்களுக்கு மானியம் தருகிறது. இதற்காக நாடு முழுவதும் 5 அறிவுப் பங்காளர் மையங்களும், 24 வேளாண் தொழில் காப்பகங்களும் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும், தஞ்சாவூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இந்தப் பட்டியலில் உள்ளவை. யோசனை நிலையில் இருப்பவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஓரளவு வளர்ந்து, நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டவர்களுக்கு 25 லட்சம் ரூபாய் வரை. முதல் வகையில் 90 சதவீதம் மானியம், 10 சதவீதம் உங்கள் கைப்பணம். இரண்டாவதில் 85 சதவீதம் மானியம், 15 சதவீதம் உங்களுடையது. அதாவது 25 லட்சத்துக்கான திட்டம் என்றால் மூன்றே முக்கால் லட்சத்தை நீங்கள் எடுத்துவைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமலே விண்ணப்பித்துவிட்டுக் கடைசி நேரத்தில் நகையைத் தேடாதீர்கள். பணம் முழுவதும் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் விழாது. வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் வரும்.

மானியத்துக்கு முன்னால் இரண்டு மாதப் பயிற்சி இருக்கிறது. பலர் இதைச் சடங்காக நினைக்கிறார்கள். உண்மையில் விஷயமே இங்கேதான் இருக்கிறது. அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு முருங்கை விவசாயி என்று வைத்துக்கொள்வோம். காய் விலை விழும் மாதங்களில் இலையைப் பொடியாக்கி விற்கலாம் என்று அவருக்கு யோசனை. காப்பகத்தில் அவரிடம் கேட்பார்கள்: ஒரு கிலோ பொடிக்குப் பச்சை இலை எத்தனை கிலோ போகிறது, அதைப் பறிக்கக் கூலி எவ்வளவு? நிழலில் உலர்த்தினால் மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? ஈரப்பதம் எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகச் சான்று உண்டா? எத்தனை மாதம் நிறம் மாறாமல் இருக்கும்? மருந்தடித்த தோட்டத்து இலையா? பொடியை வாங்கப்போவது தெருக்கடையா, சத்துமாவு நிறுவனமா, ஏற்றுமதியாளரா? மூவருக்கும் வெவ்வேறு தரம், வெவ்வேறு விலை, வெவ்வேறு பாக்கெட்.

இதில் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொந்தப் பணத்தில் இயந்திரம் வாங்கிய பிறகு இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து நிற்பதைவிட, வாங்குவதற்கு முன்பே யாராவது கேட்டுவிடுவது மேல். தஞ்சாவூர் போன்ற இடங்களில் அங்குள்ள இயந்திரத்திலேயே கட்டணம் கட்டிச் சிறிய அளவில் தயாரித்துப் பார்க்க முடியும். அந்தப் பாக்கெட்டுகளை நான்கு கடைகளில் வைத்து, திரும்ப வந்து கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் உங்களுக்கு மிஞ்சியது ஒரு இயந்திரத்தின் விலை.

'ஆக்சிலரேட்டர்' என்று இன்னொரு சொல்லும் காதில் விழும். இரண்டுக்கும் வேறுபாடு நமக்கு எளிதில் புரியும். காப்பகம் நாற்றங்கால் மாதிரி. விதை முளைத்து நாற்றாகும்வரை பொறுமையாக வைத்திருக்கும். ஆக்சிலரேட்டர், நட்ட பயிருக்கு மேலுரம் போடுவது மாதிரி. ஏற்கெனவே விற்பனை தொடங்கியவர்களைக் கூட்டாகச் சேர்த்து, சில மாதங்கள் நெருக்கிப் பயிற்சி கொடுத்து, முதலீட்டாளர்கள் முன்னால் நிறுத்துவார்கள். 2005-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர்தான் இந்த முறைக்கு முன்னோடி. வேர் பிடிக்காத பயிருக்கு யூரியா போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் விற்பனைகூட ஆகாத நிலையில் ஆக்சிலரேட்டரைத் தேடி ஓடாதீர்கள்.

இனி போட்டிகளுக்கு வருவோம். இங்கிலாந்து இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசு, ஒவ்வொன்றும் 10 லட்சம் பவுண்டு. அதை 2021, 2022, 2023 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக விவசாயத்தோடு தொடர்புள்ள இந்திய நிறுவனங்கள் வென்றன. 2021-ல் பயிர்க் கழிவை வயலருகிலேயே பயனுள்ள பொருளாக மாற்றும் சிறு இயந்திரத்துக்காக டகாச்சார். 2022-ல் சிறு விவசாயிகளுக்கான சிறிய பசுமைக்குடிலுக்காகத் தெலங்கானாவின் கேதி. 2023-ல் சூரிய வெப்ப உலர்த்திக்காக மகாராஷ்டிரத்தின் எஸ்4எஸ் டெக்னாலஜிஸ்.

இதில் மூன்றாவது கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எஸ்4எஸ் குழுவினர் அந்த உலர்த்திக்காக அமெரிக்காவில் டெல் நிறுவனம் நடத்திய மாணவர் போட்டியில் 2013-லேயே வென்றவர்கள். எர்த்ஷாட் வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் மாறியது அவர்களுடைய இயந்திரம் மட்டுமல்ல, வியாபாரமும்தான். உலர்த்தியைக் கொண்டுபோய் விவசாயி கையில் கொடுத்துவிட்டால், உலர்ந்த வெங்காயத்தை அவர் எங்கே கொண்டுபோய் விற்பார்? உள்ளூர்ச் சந்தையில் அதைக் கேட்க ஆள் இல்லை. அதனால் கிராமப் பெண்களுக்கு உலர்த்தி வாங்க வழி செய்து, பயிற்சி கொடுத்து, உலர்த்திய வெங்காயத்தையும் காய்கறியையும் அவர்களிடமிருந்து தாங்களே வாங்கி, உணவு நிறுவனங்களுக்கு விற்கும் முறைக்கு வந்தார்கள். பெரிய பரிசு வந்தபோது அவர்களிடம் விற்பனை இருந்தது. 2013-ல் கிடைத்த பரிசோடு, இயந்திரம் விற்பவர்களாகவே இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் அவர்களைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது.

ஆக, போட்டி வேண்டாம் என்பதல்ல. கல்லூரி மேடையில் ஐந்து நிமிடத்தில் உங்கள் பொருளை விளக்கப் பழகுவது வங்கி மேலாளர் முன்னாலும் உதவும். நடுவராக வருபவர் நாளை உங்களிடம் வாங்குபவராகவும் இருக்கலாம். ஆனால் சில போட்டிகளில் பதிவுக் கட்டணம் மட்டும் ஆயிரக்கணக்கில் கேட்டு, கடைசியில் ஒரு கேடயமும் போட்டோவும் தருகிறார்கள். கேடயத்தை அலமாரியில் வைக்கலாம், அவ்வளவுதான். போவதற்கு முன், போன ஆண்டு வென்றவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அதன்பின் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கருவி கண்டுபிடித்தவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேடையில் எல்லோர் முன்னாலும் விளக்கிவிட்ட பிறகு காப்புரிமை கேட்டால், 'இது ஏற்கெனவே வெளியே தெரிந்ததுதானே' என்று தள்ளப்படும் ஆபத்து உண்டு. போட்டிக்கு முன்பே தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடலாம். முழு விவரத்தைக் கொடுக்க அதிலிருந்து 12 மாத அவகாசம் இருக்கிறது. பயிர் செய்யும் முறைக்கு, அதாவது இடைவெளி, ஊடுபயிர், உரமிடும் விதம் போன்றவற்றுக்கு, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இடமே இல்லை. கருவிக்கு உண்டு. நீங்களே தேர்ந்தெடுத்து வளர்த்த நெல் ரகமோ கத்தரி ரகமோ என்றால், அதற்கு 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

கடைசியாக, கையெழுத்துப் போடும் இடம். மத்திய அரசின் மேற்சொன்ன தொகை மானியம். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் 'டான்சீட்' நிதி சற்று வேறு. அதில் 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும், ஊரகத்துக்குப் பயன்படும் தொழில்களுக்கும் 15 லட்சம். பதிலுக்கு உங்கள் நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு அரசுக்குப் போகும். 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 33 லட்சம் மதிப்புப் போடுகிறார்கள் என்று அர்த்தம். தொடக்க நிலைத் தொழிலுக்கு இது மோசமான பேரம் இல்லை. ஒய் காம்பினேட்டர் தரும் பணத்தில் முதல் 1,25,000 டாலருக்கு மட்டும் 7 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. தனியார் யாராவது சிறு தொகைக்கு 20, 30 சதவீதம் கேட்டால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துப் பேசுங்கள். பங்கு கொடுப்பது என்பது வரப்பைத் தாண்டி ஒரு துண்டு நிலத்தை எழுதிக்கொடுப்பது மாதிரி. கடனைப் போல அடைத்து மீட்க முடியாது.

திட்டங்களின் தொகையும் விதியும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பம் கோரும் அறிவிப்பை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது ஆதார் நகலோடு உங்கள் பொருளின் பத்து பாக்கெட், கூலியையும் சேர்த்து எழுதிய செலவுக் கணக்கு, ஏற்கெனவே வாங்கிய நான்கு பேரின் தொலைபேசி எண் ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அந்த நான்கு எண்களைத்தான் முதலில் கேட்பார்கள்.