சூரியத் தகடு: திறன் மட்டும் போதுமா?

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. முசரவாக்கம் போன்ற சிற்றூர்களில் வசிக்கும் நாமும் மாடியில் சூரியத் தகடு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "பெரோவ்ஸ்கைட் என்று புதிய தகடு வருகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா?"

பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு வகைப் படிக அமைப்பின் பெயர். 2009-இல் ஜப்பானில் மியாசகா குழுவினர் அதைக் கொண்டு முதல் சூரிய மின்கலத்தைச் செய்தபோது, அதன் திறன் 3.8 சதவீதம்தான். இன்று ஆய்வகங்களில் அது 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் மீது அடுக்கினால் 34 சதவீதத்தையும் தாண்டுகிறது. சிலிக்கானை உருக்க 1,414 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டையோ கரைசலாக்கி, மை பூசுவதுபோல் கண்ணாடியில் பூசிவிடலாம்.

அப்படியானால் தடை எது? ஆயுள். பட்டுச் சேலையின் பளபளப்பை மட்டும் பார்த்து நாம் வாங்குவதில்லை, சாயம் நிற்குமா என்றும் கேட்கிறோம். இங்கும் அதே கேள்விதான். இந்தப் படிகத்தின் பிணைப்புகள் வலுவற்றவை. ஈரம் பட்டால் சிதைந்து மஞ்சள் நிற ஈய அயோடைடாக மாறும். வெப்பத்தில் அதிலுள்ள கரிம மூலக்கூறுகள் ஆவியாகும். வெளிச்சத்தில் அயனிகள் இடம் பெயரும். ஈயம் கசிந்தால் மண்ணுக்கும் நீருக்கும் கேடு.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. எளிதில் ஆவியாகும் மூலக்கூறுக்குப் பதிலாக சீசியம், ஃபார்மமிடினியம் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். மேலே மெல்லிய காப்பு அடுக்கு இடுகிறார்கள். இரு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களை ரப்பரால் அடைக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தினேஷ் கப்ராவின் குழுவும் சிலிக்கானோடு பெரோவ்ஸ்கைட்டை இணைக்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

தகடுகளுக்கான சர்வதேசச் சோதனைகளில் ஒன்று, 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது. அது ஏறத்தாழ 42 நாட்கள். அதில் தேறிவிட்டால் மட்டும், வெயிலிலும் மழையிலும் 25 ஆண்டுகள் நிற்கும் என்று ஆகிவிடாது.

புதிய பொருள் ஆயுளை நிரூபித்துவிட்டால் என்னவாகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024-இல் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை சிலிக்கானைப் பயன்படுத்துவதில்லை. காட்மியம் டெல்லுரைடு என்ற மெல்லேட்டுப் பொருளில்தான் தகடுகளைத் தயாரிக்கிறது.

எனவே இன்று தேவை உள்ளவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சிலிக்கான் தகடுகள் பல ஆண்டுகளாகக் கூரைகளில் நின்று காட்டியவை. யார் எந்தத் தகட்டை விற்க வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: தகட்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? 25-ஆம் ஆண்டில் எத்தனை சதவீத மின்சாரம் தரும்? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வோம்.