செங்காவி நிறம்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

செம்மண் பூமியில் பிறந்தவன் நான். விடுதிக்கு வந்த முதல் வாரம், “என்ன, காவி வேட்டியா?” என்று என் வேட்டியின் ஓரத்தைக் காட்டி நண்பர் ஒருவர் கேலி செய்தார். அன்று பதில் சொல்லத் தெரியாமல் தலை குனிந்தேன். இன்று தெரியும், அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

அந்நிறத்துக்குக் காரணம் இரும்பு. பாறைகளில் அடங்கியுள்ள இரும்பு, நீரும் காற்றும் பட்டுப் பாறை சிதையும்போது ஆக்ஸிஜனுடன் கூடி ஃபெர்ரிக் ஆக்ஸைடு ஆகிறது. இதன் கனிம வடிவம் ஹேமடைட். இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கட்டியாக இருக்கையில் பெரும்பாலும் கருஞ்சாம்பலாகத் தோன்றும் இக்கனிமம், பொடித்தால் செங்காவியாகிவிடுகிறது! மண்ணில் சிறிதளவு இருந்தாலே போதும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலைப் பாருங்கள். உள்ளிருப்பவை பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகளே, மேற்பூச்சுதான் சிவப்பு.

ஆசிரியரின் அனுமதியுடன் எங்கள் ஊர் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினேன். மண் வெளுத்தது, கரைசல் மஞ்சளாயிற்று. பொட்டாசியம் தயோசயனேட் சில துளிகள் விட்டதும் இரத்தச் சிவப்பு! எல்லோரும் செய்யும் சோதனைதான். ஆயினும் சொந்த ஊர் மண்ணில் அதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியே வேறு.

என் தந்தையார் செங்கல் காளவாயில் வேலை செய்பவர்; பள்ளிக்கூடம் போனதில்லை. மஞ்சளும் சாம்பலுமாக உள்ளே அடுக்கும் பச்சைக்கல் சிவந்து வெளிவருவது எப்படி என்று சிறுவயதில் அவரைக் கேட்டிருக்கிறேன். “தீயும் வேணும், காத்தும் வேணும்டா. காத்து போகலேன்னா கல்லு கறுத்துப் போகும்” என்பார். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கோதைட், வெப்பத்தில் நீரை இழந்து ஹேமடைட்டாக மாறுகிறது. காற்று குறைந்தால் ஆக்ஸிஜன் ஒடுக்கம் நிகழ்ந்து நிறம் கறுக்கிறது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த கருப்பு-சிவப்பு மட்கலங்களின் இரு நிறமும் இவ்வாறு வந்தவையே. நான் இரண்டாண்டு படித்து அறிந்ததை அவர் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்.

நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்ததுண்டா? சேறு சாம்பல் நிறம். வேரிலோ துருப்போன்ற பூச்சு. நீர் தேங்கிய வயலில் காற்று இல்லாததால் இரும்பு ஃபெர்ரஸ் நிலையில் கரைந்திருக்கும். நெற்பயிர் இலைவழியே வேருக்கு அனுப்பும் ஆக்ஸிஜன் கசிந்து அதை ஃபெர்ரிக் ஆக்கிப் படியவைக்கிறது.

ஆனால் செம்போத்தின் இறக்கையையும் செம்பருந்தின் முதுகையும் கண்டு இரும்பு என்று எண்ணிவிடக் கூடாது. அவை மெலனின் வகை நிறமிகள்.

1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அனுப்பிய படங்களிலும் இதே செம்மண்தான். அங்கும் இரும்பு ஆக்ஸைடே காரணம்.

வேட்டிக் கறைக்குச் சோப்பு பயன்படாது. என் தாயார் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவார். பழத்திலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிணைத்துக் கரைப்பதால் கறை மங்கும், முழுவதும் போகாது. கேலி செய்த நண்பருக்கும் சென்ற மாதம் இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் சட்டையில் சைக்கிள் துரு பட்டிருந்தது.