மந்தையை நடத்துவது யாது?

திருத்தங்கற் கண்மாய்க் கரையில் மாலை வேளையிற் செம்மறி மந்தை செல்லக் கண்டோர், கீதாரி முன்னே செல்லாது பின்னே வருவதைக் கவனித்திருப்பர். நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒருசேரத் திரும்புகின்றன. கட்டளை கேட்டது எந்த ஆடு? பனிக்காலத்தில் தென்மாவட்டங்களுக்கு வரும் சூறைக்குருவிகளுக்கோ கீதாரியும் இல்லை. ஆயினும் அவை ஓருடல்போல் வானில் மடங்கிச் சுழல்கின்றன. இதனை உயிர்நூலாரேயன்றிப் பௌதிக நூலாரும் ஆராய்கின்றனர் என்பதறிந்து, தமிழ் பயிலும் யாம் வியப்புற்று இதனை எழுதத் துணிந்தோம்.

நுரை, பசை, உயிரணுவின் அகம் முதலியவற்றை ஆராயுந் துறைக்கு மென்பொருளியல் எனப் பெயரிடலாம். கணினியார் அச்சொல்லை முன்னரே கைக்கொண்டமையின் நெகிழ்பொருளியல் என்போம். தாமே ஆற்றலைச் செலவிட்டு நகர்வனவற்றின் கூட்டம் அதன் ஒரு கிளை; அதனை இயங்குபொருள் எனலாம். மந்தையும், புண் ஆறுகையில் அணியாய் நகரும் தோலுயிரணுக்களும் இதன்பாற்படும்.

கூட்டத்திற்குத் தலைவன் இன்றியமையாதவன் என்பதே யாம் இளமைமுதற் கொண்டிருந்த எண்ணம். ஹங்கேரி நாட்டு விச்செக் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1995-இல் அதற்கு மாறாகக் காட்டினர். ஒவ்வொன்றும் தன் அண்டையிலுள்ளவை செல்லுந் திசையைச் சிறு பிழையோடு பின்பற்றினாற் போதும். பிழை மிகாதவரை கூட்டம் முழுதும் ஒருமுகப்படும்.

இதில் ஒரு விந்தை உண்டு. தளமொன்றில் நின்றவாறே அண்டையைப் பார்த்துத் திரும்பும் அம்புகள் பல எனின், வெப்பத்தாலாகுஞ் சிறு தடுமாற்றம் தொலைவிற் பெருகுதலால், பரந்த கூட்டம் முழுதும் ஒருதிசை நோக்குதல் இயலாது. இதனை மெர்மின், வாக்னர் இருவரும் 1966-இல் நிறுவினர். தரையிற் செல்லும் மந்தைக்கு மட்டும் எவ்வாறு இயன்றது? நிற்பவன் என்றும் அதே அண்டையானுக்கே செய்தி சொல்வான். நடப்பவனோ ஓரிடத்துக் கேட்டதைப் பிறிதோரிடத்துச் சேர்ப்பான். ஆதலின் நடப்பன அத்தடைக்கு உட்படா என்று டோனர், டூ என்போர் 1995-இற் கணித்தனர்.

இதற்கு உயிரேனும் வேண்டுமோ? வேண்டா. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்து நிதின் குமார், ஹர்ஷ் சோனி, ஸ்ரீராம் ராமசாமி, ஏ. கே. சூத் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட சோதனை அதற்குச் சான்று. அரிசியினுங் குறுகிய பித்தளைத் துண்டுகள். ஒருமுனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் உள்ளவை. தட்டிலிட்டு மேலுங் கீழுமாய் அதிரச்செய்யின், அவ்வடிவ வேறுபாட்டால் ஒவ்வொன்றும் ஒரு முனையை முன்னிட்டு நடக்கின்றது. எம்மூரில் மருந்து தோயாத தீக்குச்சிகளைக் குலுக்கினால் அவை வரிசையாய்க் கிடக்குமேயன்றி, இருமுனையும் ஒத்தமையின் எங்குஞ் செல்லா. (மருந்து தோய்ந்தவற்றைக் குலுக்கிப் பார்க்குமாறு யாம் ஒருவர்க்குஞ் சொல்லோம்.) துண்டுகள் மிகச் சிலவேயாயினும், இடையில் அலுமினிய மணிகளை நிரப்பியபோது அவை ஒன்றையொன்று தீண்டாமலே ஒருதிசை நோக்கின. தாமே நடக்கும் ஆற்றலற்ற மணிகள், ஒரு துண்டால் இழுக்கப்பட்டுத் தொலைவிலுள்ள துண்டைத் திருப்பின.

ஆயினும் நடப்பன யாவும் ஒழுங்குறும் என்று கொள்ளற்க. நீரில் நீந்தும் பாக்டீரியா ஒவ்வொன்றும் நீரை அலைக்கின்றது. அவ்வோட்டம் அருகிலுள்ளவற்றைத் திருப்பிவிடுகின்றது. எனவே ஒருதிசை நீந்தும் கூட்டம் நிலைபெறாது குலையும் என்று அதிதி சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசாமியும் 2002-இற் கணித்தனர். பாக்டீரியா செறிந்த நீர்த்துளியை உருப்பெருக்கியிற் காண்போர்க்கு அணிவகுப்புத் தோன்றுவதில்லை. தோன்றித் தோன்றி மறையும் சுழிகளே தோன்றும்.