ஈறு சிகிச்சையும் இனிப்புநீரும்: அம்மா கற்றுத் தந்த பாடம்

"பல் போனால் சொல் போச்சு" என்று தமிழ்ப்பள்ளியில் பழமொழி ஒப்புவித்தபோது அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. பத்து ஆண்டுகளாக இனிப்புநீரோடு வாழும் என் அம்மாவின் கீழ்வரிசைப் பற்கள் ஆடத் தொடங்கியபோதுதான் விளங்கியது.

இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. அந்த வீக்கமோ மறுபடியும் சர்க்கரையை ஏற்றுகிறது. இதைத் தடுக்கவே பல் மருத்துவர் ஈறுக்கடியில் கல்போல் இறுகிய படிவைச் சுரண்டி எடுத்து, பல்லின் வேர்களைச் சுத்தம் செய்தார்.

சில நாள்களில் அம்மா புலம்பத் தொடங்கினார். "ஏன்யா என்னை அங்க கூட்டிட்டுப் போன? இருந்த பல்லையும் கெடுத்துட்டாங்க!" அவர் சொன்ன குறைகளை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தேன்.

முதலாவது, பற்கூச்சம். படிவு நீங்கியதும் வேர்ப்பகுதி வெளிப்படுவதால் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். பெரும்பாலும் சில வாரங்களில் இது குறைந்துவிடும்.

இரண்டாவது, பல் நீண்டுவிட்டது போன்ற தோற்றம். வீக்கம் வற்றியதால் ஈறு இறங்கியிருக்கிறது. எலும்பைக் கரைத்தது நோய், சிகிச்சையன்று.

மூன்றாவது, பழுப்புக் கறை. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கொப்பளிப்பு நீர் பல்லில் கறை படியச் செய்யும். நாக்கின் சுவையையும் மாற்றும். மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். கறையைப் பிறகு நீக்கிவிடலாம்.

ஆனால், உண்மையான ஆபத்தை அம்மா குறையாகச் சொல்லவே இல்லை. சிகிச்சை நடந்த அன்றிரவு, வாய் வலித்ததால் அவர் சாப்பிடவில்லை. ஆனால், வழக்கமான கிளிக்ளாசைட் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டார். நள்ளிரவில் உடல் வியர்த்து, கை நடுங்கியது. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை 3.4! 3.9-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்தோம். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தோம், ஏறியிருந்தது. பிறகு கஞ்சி குடித்தார்.

ஆகவே, இனிப்புநீர் உள்ளவர்கள் காலையுணவும் மருந்தும் எடுத்துக்கொண்ட பிறகே சிகிச்சைக்குச் செல்வது நல்லது. உண்ணும் மருந்துகள் அனைத்தையும் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாய் வலித்தால் கஞ்சி, அவித்த முட்டை போன்ற மென்மையான உணவு போதும். அதுவும் முடியாவிட்டால், மாத்திரை அல்லது இன்சுலின் அளவைப் பற்றி உடனே மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். காய்ச்சல், சீழ், கூடிவரும் வீக்கம், நிற்காத இரத்தக் கசிவு ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது.

பக்கவிளைவுக்கு அஞ்சிச் சிகிச்சையை நிறுத்துவது அதைவிடப் பெரிய இழப்பு. பல ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டு கோக்ரேன் அறிக்கை, ஈறு சிகிச்சை பெற்றவர்களின் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி குறைந்ததாகக் காட்டுகிறது.

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் எல்லார் வீட்டுக் கதையும் இதுதான். நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது, "பல் துலக்கினால் இரத்தம் வருதா?" என்று பெற்றோரைக் கேளுங்கள். வருகிறது என்றால் நீங்களே துணைக்குச் செல்லுங்கள். அன்றிரவு அவர்கள் சாப்பிட்டார்களா என்றும் பாருங்கள்.