கழிவு நீரில் கட்லா, ரோகு... கொல்கத்தாவுக்கு உணவளிக்கும் சதுப்பு நிலம்!

நகரம் வளர வளர, அதையொட்டிய வயல்கள் காணாமல் போகும். காய்கறியும் மீனும் தொலைவிலிருந்து லாரியில் வரும். விலையும் கூடவே ஏறும். ஆனால், கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் நிலைமை வேறு. அங்கே சுமார் 12,500 ஹெக்டேரில் பரந்திருக்கும் சதுப்பு நிலத்தில், நகரத்தின் சாக்கடை நீரைக் கொண்டே மீன், காய்கறி, நெல் ஆகியவற்றை விளைவித்து நகரத்துக்கே கொடுக்கிறார்கள்.

வெயில் செய்யும் வேலை

ஒரு காலத்தில் இவை உப்புநீர் ஏரிகள். வித்யாதரி ஆறு தூர்ந்துபோனதால் கடல்நீர் வரத்து நின்றது. நகரத்தின் கழிவு நீர் கால்வாய் வழியாக வரத் தொடங்கியதும், அதில் மீன் வளர்க்கப் பழகினார்கள். இந்த மீன் பண்ணைக் குளங்களுக்கு அங்கே 'பேரி' என்று பெயர்.

குளிர்காலத்தில் பேரியை வற்றவைத்து, காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு இடுகிறார்கள். வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போடுவதும் உண்டு. பிறகு கழிவு நீரை விட்டு, இரண்டு, மூன்று வாரங்கள் தேக்கிவைக்கிறார்கள். பேரியில் ஆழம் குறைவு என்பதால் வெயில் நன்றாக இறங்கும். பாசி பெருகி, தண்ணீருக்கு உயிர்வளி கொடுக்கும். பாக்டீரியா கழிவைச் சிதைக்கும். நோய்க்கிருமிகளும் பெருமளவு குறையும். அதன் பிறகே கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா குஞ்சுகளை விடுகிறார்கள். பாசியும் நுண்ணுயிர்களும் மீனுக்கு இரையாவதால் தீவனச் செலவு மிகவும் குறைவு. கரையோரம் ஆகாயத்தாமரையை வளர்க்கிறார்கள். அது அலையிலிருந்து கரையைக் காக்கும். உலோகக் கழிவையும் ஓரளவு உறிஞ்சும்.

பேரியிலிருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்குப் போகிறது. தாபா பகுதியில், பழைய குப்பை மேட்டு மண்ணில் கீரை, காலிஃபிளவர், கத்திரி விளைகின்றன. ஆண்டுக்கு 10,000 டன்னுக்குக் குறையாமல் மீன் கிடைக்கிறது. சந்தை பக்கத்திலேயே இருப்பதால் வண்டிக்கூலி குறைவு. ஏழைக் குடும்பமும் மீன் வாங்க முடிகிறது.

ஆபத்து எங்கே?

இந்த அமைப்பின் அருமையை உலகுக்கு எடுத்துச்சொன்னவர், மேற்கு வங்க அரசின் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ். 2002-ல் இது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006-ல் இதைக் காக்கத் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும், பேரிகளில் மண் கொட்டி மனையாக்குவது நிற்கவில்லை. கால்வாய்களில் வண்டல் சேர்ந்ததால், சில பேரிகளுக்குக் கழிவு நீரே போதுமான அளவு வருவதில்லை.

பேரி போனால் மீனவர் பிழைப்பு மட்டும் போகாது. இன்று செலவில்லாமல் சுத்தமாகும் கழிவு நீருக்கு, பல கோடி ரூபாயில் சுத்திகரிப்பு நிலையங்கள் தேவைப்படும். மழை வெள்ளம் தேங்க இடம் இருக்காது. மலிவான மீனும் கிடைக்காது.

விவசாயிகள் கவனத்துக்கு...

* சாக்கடை நீரை நேரடியாகக் கீரைக்கும், பச்சையாக உண்ணும் காய்களுக்கும் பாய்ச்சக் கூடாது.

* தோல், சாயப் பட்டறைக் கழிவு கலந்த நீரை வெயில் சுத்தமாக்காது. அதை மீனுக்கும் பயிருக்கும் அறவே தவிர்க்க வேண்டும்.

* வீட்டில் பாத்திரம் கழுவும் நீரை, கல்வாழை, சேப்பங்கிழங்கு நட்ட மணல் பாத்தி வழியாக விட்டு, வாழை, தென்னைக்குப் பயன்படுத்தலாம்.