சக்கரத்தில் சிக்கிய சுள்ளி

ஒரு கை நெருப்புக்குக்கூடப் போதாத சின்னச் சுள்ளி அது. அது ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்துவிடும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கிறிஸ்டினா கிராஸ்பி என்ற அம்மையாருக்கு அப்படித்தான் நடந்தது.

கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஓர் ஊர். அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக் கழகத்தில் அம்மையார் ஆங்கில இலக்கியப் பேராசிரியை. நல்ல திடகாத்திரமான தேகம். சைக்கிள் சவாரி என்றால் கொள்ளை ஆசை. 2003-ம் வருஷம் செப்டம்பரில் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. அடுத்த மாதம், அக்டோபர் 1-ந் தேதி, 17 மைல் சுற்றி வரலாம் என்று சைக்கிளில் கிளம்பினார். மூன்று மைல்தான் போயிருப்பார். சாலையில் கிடந்த சுள்ளி ஒன்று முன்சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே புகுந்துகொண்டது. சைக்கிள் சட்டென்று நின்றது, அம்மையார் நிற்கவில்லை! முகவாய் தரையில் மோதும்படி விழுந்தார். முகம் நொறுங்கியது. கழுத்தெலும்புகளில் ஐந்தாவதும் ஆறாவதும் முறிந்தன.

முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டுதான் மூளையின் உத்தரவுகளை உடம்பெங்கும் கொண்டு போகிற தந்திக் கம்பி. கழுத்தருகே அது பழுதாகிவிட்டால் கீழே செய்தி போவது எப்படி? தோள் அசையும், முழங்கை ஓரளவு மடங்கும். விரல்கள் பிடிக்காது, கால்கள் தாங்காது. முறிந்த எலும்பு கூடிவிடும். நரம்புத் தண்டைக் கூட்டி வைக்க இன்றுவரை வைத்தியம் இல்லை.

மாதக் கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். பிறகு வீடு. 2005-ல் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, பாதி நேர வேலையாக, மறுபடியும் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.

"பார்த்தாயா! மனோதிடம் இருந்தால் எதையும் ஜெயிக்கலாம்" என்று கதையை இங்கே முடித்துவிடத்தான் நமக்கெல்லாம் ஆசை. அம்மையார் அதற்குச் சம்மதிக்கவில்லை. 2016-ல் அவர் வெளியிட்ட 'எ பாடி, அன்டன்' என்ற புத்தகத்தில், தான் எதையும் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை. விரலால் எழுத முடியாதே! வாயால் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் அதை எழுத்தாக்கித் தந்தது.

உணர்ச்சி மரத்துப்போன இடத்திலும் ஓயாத வலி இருக்கிறது என்றார். மின்சாரம் பாய்வது போன்ற அந்த வலிக்கு வார்த்தையே கிடைக்கவில்லை என்றார். மலஜல உபாதைக்குக்கூடப் பிறர் கையை எதிர்பார்க்கும் சங்கடத்தையும் ஒளிக்கவில்லை. பழைய உடம்புக்காக, செத்துப்போன உறவினருக்கு அழுவதுபோல் அழுததையும் மறைக்கவில்லை. அவருடைய அண்ணனும் இளமையிலேயே நரம்பு நோய் கண்டு, வரவரக் கை கால் விளங்காமற் போனவர். சின்ன வயதில் போட்டி போட்டுக்கொண்டு ஓடி விளையாடிய இருவருமே கடைசியில் சக்கர நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இத்தனை துக்கத்துக்கும் நடுவே வாழ்க்கை நடந்தது. எப்படி? வாழ்க்கைத் துணைவியான ஜேனட் ஜாகப்ஸன் கூடவே இருந்தார். வீட்டோடு வந்து குளிப்பாட்டி, உடுத்தி, படுக்க வைக்கிற பணிப்பெண்கள் இருந்தார்கள். ஒரு மனிதரை உயிரோடும் மானத்தோடும் வைத்திருக்கிற இந்த வேலைக்கு உலகம் தருகிற சம்பளம் எவ்வளவு சொற்பம் என்று அம்மையார் அந்தப் புத்தகத்தில் மனம் வருந்தியிருக்கிறார். நோயாளியைப் பார்த்துக்கொண்ட அனுபவமுள்ள எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். வீட்டிலே அந்த வேலைக்குச் சம்பளமே கிடையாதே!

விபத்துக்குப் பின் பதினேழு வருஷங்கள் வாழ்ந்து, 2021-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, கணையப் புற்றுநோயால் தமது 67-வது வயதில் அவர் காலமானார். அந்தப் பதினேழு வருஷத்தில் வலி அவரை விட்டு நீங்கவில்லை. அன்பும், படிப்பும், மாணவர்களுந்தான் நீங்கவில்லை.

நம் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த மாமாவாக இருக்கலாம். மணிக்கட்டு முறிந்து, இன்றும் தோசைக் கல்லைத் தூக்க முடியாத மன்னியாக இருக்கலாம். முதல் வாரம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வீடு நிறைய ஜனங்கள். மூன்றாம் வருஷம் யார் வருகிறார்கள்? தப்பித் தவறி வந்தாலும், "இன்னுமா சரியாகவில்லை?" என்றல்லவா கேட்கிறோம்!

சில காயங்கள் சரியாவதில்லை. அதோடுதான் வாழவேண்டியிருக்கிறது. அடுத்த தடவை போகும்போது, "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக இருந்தால், கையிலுள்ள காப்பி ஆறிப்போனாலும் பாதகமில்லை; உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.